மால்டாவும் மதுரையும்
🧵பிரசவ அறையில் முதல் கேள்வி "ஆணா, பொண்ணா?"தான். எங்க தெள்ளார் பக்கமும் அப்படித்தான். சில குழந்தைகளுக்கு உடனே பதில் சொல்ல முடியாது. இன்டர்செக்ஸ், தமிழ்ல ஊடுபால். முன்னெல்லாம் கத்தியை வச்சு ஒரு பதிலைத் திணிச்சிடுவாங்க. வளர்ந்த பிள்ளை "நான் யாரு?"ன்னு யோசிக்கறப்போ உடம்புல தழும்புதான் மிச்சம்.

அப்படி வளர்ந்தவங்க பல நாட்டுலேர்ந்து 2013-ல் மால்டாவில் கூடி, இதை நிறுத்தணும்னு கேட்டாங்க. 2015-ல் மால்டா சட்டமே போட்டுச்சு.

மதுரையில் மாணவரா இருந்த கோபி சங்கர் 2011-ல் தொடங்கின 'சிருஷ்டி'யும் இதைத்தான் பேசுச்சு. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பு, ஆகஸ்டில் தமிழ்நாடு அரசாணை. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விலக்கு.

பெத்தவங்களுக்கு: அட்ரீனல் கோளாறால உடம்புல உப்பு இறங்கினா மருந்து உடனே வேணும். கத்திக்கு அவசரமில்ல. பிள்ளை வளர்ந்து சொல்லட்டும்.