கரட்டு வழியும் காற்றடைத்த சக்கரமும்

பாதை நன்றாயிருப்பின் எந்தச் சக்கரமும் ஓடும். பாதை கெடும்போதே சக்கரத்தின் தரம் தெரியவரும். தார் வீதி, கிரவல் வழி, மலைப் பாதை ஆகிய மூன்றிலும் மாறிமாறிச் செல்லும் துவிச்சக்கர வண்டிக்கு நீடித்து உழைக்கும் ரயர் எது என்பது இன்று பலரும் கேட்கும் கேள்வி. விலைப்பட்டியலைப் புரட்டுமுன் ரயரின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்பது நன்று. ஒரு ரயர் எங்கே, எதனாற் கெட்டது என்பதே பெரும்பாலும் அடுத்த ரயரின் பிறப்புக்குக் காரணமாயிற்று.

காற்றடைத்த சக்கரத்துக்கு முதலிற் காப்புரிமை பெற்றவர் ரொபேட் வில்லியம் தொம்சன் என்னும் ஸ்கொத்லாந்துப் பொறியியலாளர், ஆண்டு 1845. றப்பர் பூசிய துணிக் குழாயைத் தோலுறையினாற் போர்த்துக் குதிரை வண்டிச் சக்கரங்களுக்குப் பூட்டினார். வண்டி ஓசையின்றி இலகுவாக ஓடியது. ஆயினும் செலவு மிகுதி. மிதித்தோட்டும் துவிச்சக்கர வண்டியோ அன்று பரவியிருக்கவில்லை. உலகம் அக்கண்டுபிடிப்பை மறந்தது.

1888 இல், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சக்கர வண்டிக்காக அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டார். மறு ஆண்டில் நடந்த ஓட்டப் போட்டிகளிற் காற்றடைத்த ரயர் திண்ம றப்பரை வென்றது. ஆனால் ரயர் சக்கர விளிம்போடு ஒட்டப்பட்டிருந்தது. முள்ளொன்று தைத்துவிட்டாற் பழுது பார்க்க மணிக்கணக்கிற் செல்லும். பசை உலர மேலும் காத்திருத்தல் வேண்டும். இவ்விடரைக் கண்ட பிரான்சின் மிஷெலின் சகோதரர் 1891 இல் கழற்றி மாட்டக்கூடிய ரயரை ஆக்கினர். அவ்வாண்டே பாரிசிலிருந்து பிரெஸ்ற் சென்று மீளும் சுமார் 1,200 கிலோமீற்றர்ப் போட்டியில் அந்த ரயரைப் பூட்டிய ஷார்ல் தெரோன் முதலிடம் பெற்றார். நீடித்த உழைப்பென்பது கெடாதிருத்தல் மட்டுமன்று. கெட்டால் வழியிலேயே திருத்தக்கூடியதாய் இருத்தலுமாகும்.

இவ்வளர்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. பிரேசில் வித்துக்களிலிருந்து இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைத்த றப்பர்க் கன்றுகள் 1876 இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பின்னர் அவை பெருந்தோட்டப் பயிராக விரிந்ததற்கு ரயர்த் தொழிலின் பசியே முதற்காரணம்.

இனி, பலவகை நிலத்தில் நடந்த ஒரு பெருஞ் சோதனையைக் காண்போம். 1897 இல் அமெரிக்கப் படையின் 25ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த கறுப்பின வீரர் 20 பேர், லெப்டினன்ற் ஜேம்ஸ் மொஸ் தலைமையில், மொன்றானாவிலுள்ள மிசூலாக் கோட்டையிலிருந்து சென் லூயிஸ் நகர்வரை சுமார் 1,900 மைல் தூரத்தைத் துவிச்சக்கர வண்டிகளில் 41 நாள்களிற் கடந்தனர். மலைகளிற் பனி, சமவெளியிற் பசைபோன்ற களிமண், நெப்ராஸ்காவில் ஆழ்ந்த மணல். களிமண் சக்கரத்துக்கும் கவட்டுக்கும் இடையே அடைத்துக்கொண்டபோது வண்டியை மனிதனே சுமக்க நேர்ந்தது. பல இடங்களிற் புகையிரதப் பாதையே அவர்களுக்கு வழியாயிற்று. ரயர் எத்துணை வலியதாயினும், சேறு விலகிச் செல்ல இடமில்லாவிடிற் பயனில்லை என்பதை இப்பயணம் உணர்த்துகின்றது.

1933 இல் ஷ்வின் என்னும் அமெரிக்க நிறுவனம் இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுடைய பருத்த ரயரைச் சிறுவரின் வண்டிகளுக்குப் பூட்டியது. நாற்பது ஆண்டுகளின் பின், கலிபோர்னியாவின் தமல்பாய்ஸ் மலைப்பகுதி இளைஞர் அப்பழைய வண்டிகளைத் தேடியெடுத்து மண்பாதைகளில் இறக்கினர். 1976 ஒக்ரோபரில் ‘ரீபக்’ என்னும் சரிவுப் போட்டி தொடங்கியது. மலைச் சைக்கிள் இவ்வாறு பிறந்தது. 26 அங்குலச் சக்கரம் பல்லாண்டுகள் அதன் அளவாக நிலைத்ததற்கும் அப்பழைய ரயரே காரணம். 1999 இல் ரியூப் இல்லாத ரயர் மலைச் சைக்கிளுக்கு முறையாக வந்தது. காற்றுக் குறைந்த ரயர் கல்லில் மோதும்போது ரியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரு துளை விழும் தொல்லை அதனால் நீங்கிற்று. உள்ளே விடப்படும் றப்பர்ப் பால் கலந்த திரவம் சிறு முள் துளைகளைத் தானே அடைத்துவிடும்.

இவ்வரலாறு கூறும் பாடம் யாது? எல்லா நிலத்துக்கும் சிறந்த ரயர் ஒன்றில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றைக் கொடுக்கவேண்டும். நடுவிற் புடைப்புகள் நெருங்கியும் ஓரங்களில் உயர்ந்தும் உள்ள ரயர் தார் வீதியில் இலகுவாக உருண்டு, வளைவில் மண்ணைப் பற்றும். புடைப்புகள் அகன்றிருப்பிற் சேறு விழும். ஆனால் வீதியில் அவை விரைவிற் தேயும். மென்மையான றப்பர் நன்கு பற்றும். கடினமான றப்பர் நெடுநாள் உழைக்கும். அங்குலத்துக்கு 120 நூல் கொண்ட ரயர் இலேசானது, வளைந்து கொடுப்பது. 60 நூல் கொண்டது பாரமானது, ஆயினும் கூரிய கல்லுக்கு இலகுவில் இடங்கொடாது. பின்சக்கரமே கூடிய சுமையைத் தாங்கி முதலிற் தேய்வதால் அங்கே உறுதியானதையும், திசையையும் தடுப்பையும் நம்பியிருக்கும் முன்சக்கரத்தில் நன்கு பற்றுவதையும் பூட்டுதல் அறிவுடைமை.

ஆகவே, வாங்குவோர் முதலில் தம் பாதையை அளந்து பார்க்கட்டும். பத்து மைலில் எட்டு மைல் தார் வீதியாயின் அதற்கேற்பவும், எட்டு மைல் கல்லாயின் அதற்கேற்பவும் தெரிவு அமையட்டும். ஊரிலிருந்து வெகு தொலைவில், பொழுது சாயும் வேளையில், ரயர் கிழிந்து நிற்பவனுக்கு எடையிற் குறைத்த சில அவுன்சு ஆறுதல் தராது.