நூலில்லாப் பட்டம்
மாதிரி விமானத்தை வானொலியால் ஆட்டி வைத்த கதை

பட்டம் விட்டவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நூல் பட்டத்தைப் பிடித்து வைப்பதற்கு மட்டும் அல்ல. அது ஒரு செய்திக் கம்பி. சுண்டினால் பட்டம் எழும்பும், தளர்த்தினால் தாழும். மேலே காற்று எப்படி இருக்கிறது என்ற சேதியும் அதே நூல் வழியே விரலுக்கு வந்து சேரும். இப்போது அந்த நூலை அறுத்து விடுங்கள். பட்டத்துக்குப் பதிலாக இயந்திரம் பொருத்திய ஒரு சிறு விமானத்தை வானில் ஏற்றுங்கள். அது உங்கள் சொற்படி திரும்ப வேண்டும், உயர வேண்டும், கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்க வேண்டும். எப்படிச் சொல்வீர்கள் அதனிடம்?

வானொலி அலையால் என்பது எல்லோருக்கும் தெரிந்த விடை. ஆனால் அலையை அனுப்புவது பாதி வேலைதான். அந்த அலை எதைச் சொல்கிறது என்பதை விமானம் புரிந்து கொள்ள வேண்டும் அல்லவா? அங்கேதான் கதை இருக்கிறது.

ஹெர்ட்ஸ் தம் சோதனைச் சாலையில் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டியது 1887, 1888ஆம் ஆண்டுகளில். அடுத்த சில ஆண்டுகளிலேயே கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் அத்தகைய அலைகளைக் கொண்டு தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். ஓர் அலை வந்தது, ஒரு செயல் நடந்தது; அவ்வளவே. ஒரே அலையைக் கொண்டு பல செயல்களைச் செய்ய வைக்கும் வழியை 1898இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் நிக்கோலா டெஸ்லா காட்டினார். நீர்த்தொட்டியில் மிதந்த ஒரு சிறு படகு, கம்பி ஏதும் இல்லாமல் அவர் விருப்பப்படி திரும்பியது, விளக்குகளை மினுக்கியது. அதே ஆண்டு நவம்பரில் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

படகின் உள்ளே இருந்தது என்ன? இரும்புத்தூள் போன்ற உலோகத் துகள்கள் அடங்கிய ஒரு சிறு குழல். சாதாரண நிலையில் துகள்கள் தளர்ந்து கிடப்பதால் மின்தடை மிகுதி. வானொலி அலை வந்து தாக்கியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும். தடை குறைந்து மின்சாரம் பாயும். ஒட்டிய துகள்களை மறுபடி உலுக்கிப் பிரித்தால்தான் அடுத்த சேதியைக் கேட்க முடியும். டெஸ்லா, ஒவ்வொரு சேதிக்கும் பிறகு குழல் தானாகவே தலைகீழாகப் புரளும்படி அமைத்திருந்தார். ஒவ்வொரு மின்துடிப்பும் ஒரு சக்கரத்தை ஒரு படி நகர்த்தும். முதல் படியில் வலப்பக்கம், அடுத்ததில் நேர், அதற்கடுத்ததில் இடம் என்று வரிசையாகச் செயல்கள் வரும். இந்தப் 'படிச் சக்கர' யோசனையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து விமானத்தில் அதையே சந்திக்கப் போகிறோம்.

படகுக்கு இது போதும். தவறான படியில் நின்று விட்டால் இன்னும் இரண்டு முறை தட்டிச் சரி செய்யலாம். படகு மூழ்கி விடாது. விமானம் அப்படிக் காத்திருக்காது. அதோடு எடை என்னும் தொல்லையும் உண்டு. வால்வுகளும் பாட்டரிகளும் கிலோக் கணக்கில் எடை கொண்டிருந்த காலத்தில் அவற்றை ஏற்றிச் செல்லும் அளவு பெரிய விமானம் இராணுவத்திடம்தான் இருந்தது. பிரிட்டன் 1935இல் பறக்க விட்ட 'குவீன் பீ' என்னும் ஆளில்லா விமானம், பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காகச் செய்யப்பட்டது. தரையில் இருந்தவர் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றுவது போல ஒரு தட்டைச் சுழற்றி அதற்குக் கட்டளையிட்டார். ஆளில்லா விமானத்தை இன்று 'டிரோன்' என்கிறோமே, அந்தச் சொல் இந்த 'ராணித் தேனீ'யின் பெயரை ஒட்டி வந்த ஆண் தேனீ என்பது பலர் கூறும் விளக்கம்.

பொழுதுபோக்குக்காக இதைச் செய்து காட்டியவர்களில் முன்னோடிகள் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர், வால்ட்டர் குட், வில்லியம் குட். ஒருவருக்கு விமானம் கட்டுவதில் ஆர்வம், மற்றவருக்கு வானொலியில். வீட்டில் இப்படி இருவர் அமைவது எவ்வளவு நல்ல வாய்ப்பு, பாருங்கள்! 1937இல் அவர்களுடைய 'கஃப்' என்ற மாதிரி விமானம் வானொலிக் கட்டளைப்படி பறந்தது. இறக்கை நுனிக்கு நுனி சுமார் எட்டடி. 1960இல் அதை வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் காட்சியகத்துக்குக் கொடுத்து விட்டார்கள். வால்ட்டர் பின்னாளில் இயற்பியல் அறிஞராகப் பணிபுரிந்தவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அடுத்த ஆண்டே, மாதிரி விமானங்களை மனத்தில் கொண்டு ஒரு சின்னஞ்சிறு வால்வு கடைக்கு வந்தது. ரேதியான் நிறுவனத்தின் ஆர்.கே.61 அது. வளிமம் நிரப்பிய அந்த ஒரே வால்வு, எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1922இல் வெளியிட்ட மீமீளூட்டச் சுற்றில் இயங்கி, ஏற்பி முழுவதன் வேலையையும் செய்தது. சேதி வராதபோது அதில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக் கொண்டிருக்கும், சேதி வந்ததும் அது குறையும், ரிலே விடுபடும். ஆக, விமானத்துக்குத் தெரிந்த சொற்கள் இரண்டுதான்: 'உண்டு', 'இல்லை'.

இரண்டு சொற்களை வைத்துக் கொண்டு எப்படி ஓட்டுவது? இங்கே டெஸ்லாவின் படிச் சக்கரம் திரும்பி வருகிறது. முறுக்கிய ரப்பர் பட்டை ஒன்று சுழலத் துடித்துக் கொண்டிருக்கும். ஒரு மின்காந்தத்தின் கொக்கி அதைத் தடுத்து நிறுத்தும். பரப்பியின் பொத்தானை அழுத்தினால் கொக்கி விலகி, பட்டை கால் சுற்றுச் சுற்றும். வால் சுக்கான் வலப்பக்கம் திரும்பும். விட்டால் இன்னொரு கால் சுற்று, சுக்கான் நேராகும். மறுபடி அழுத்தினால் இடம். விட்டால் நேர். இதற்கு 'எஸ்கேப்மெண்ட்' என்று பெயர். கடிகாரத்தில் பல் பல்லாகச் சக்கரத்தை விடுவிக்கும் உறுப்புக்கும் இதே பெயர்தான்.

இதில் உள்ள ஆபத்தை யோசித்துப் பாருங்கள். கடைசியாக விமானத்தை வலப்பக்கம் திருப்பினீர்கள். மீண்டும் வலப்பக்கமே திருப்ப வேண்டுமானால், அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வலமா, இடமா, கடைசியில் எது என்பதை மறந்தால், மரத்தை விட்டு விலகுவதற்குப் பதில் மரத்தை நோக்கியே திரும்பும். மாதக் கணக்கில் பால்சா மரச் சட்டங்களை ஒட்டி, பட்டுத் தாள் போர்த்திக் கட்டிய விமானம், ஓர் எண்ணிக்கைப் பிழையில் போய் விடும். பரப்பியைப் பிடித்திருந்தவர்கள் உதடுகளுக்குள் எண்ணிக் கொண்டே நின்றிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ரப்பர் முறுக்கு தீர்ந்து விட்டால் எண்ணியும் பயனில்லை.

இந்தச் சிக்கலுக்கு 1950களில் வந்த தீர்வை, இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் நான் மிகவும் ரசிக்கிறேன். ஒத்ததிர்வுச் சோதனையை நீங்கள் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். ஒரே அதிர்வெண் கொண்ட இரு இசைக்கவைகளில் ஒன்றைத் தட்டினால் மற்றதும் ஒலிக்கும். வேறு அதிர்வெண் கொண்டது வாளாவிருக்கும். ஏற்பியில் ஒரு மின்காந்தத்தின் முன்னே, சீப்பின் பற்களைப் போல, நீளம் மாறி மாறி அமைந்த மெல்லிய எஃகுத் தகடுகளைப் பொருத்தினார்கள். ஆர்மோனியத்தின் ரீடுகளே எனலாம், பெயரும் ரீடுதான். பரப்பியின் ஒவ்வொரு விசையும் வானொலி அலையின் மேல் ஒவ்வொரு சுரத்தை ஏற்றி அனுப்பும். அந்தச் சுரத்துக்கு உரிய தகடு மட்டும் அதிர்ந்து, எதிரே உள்ள முனையைத் தொட்டுச் சுற்றை மூடும். ஒரு தகடு வலத்துக்கு, ஒன்று இடத்துக்கு, ஒன்று மூக்கை உயர்த்த, ஒன்று தாழ்த்த. எண்ண வேண்டிய தொல்லை ஒழிந்தது. ஒரு முனையில் இறுக்கிய தகட்டின் அதிர்வெண் அதன் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆகவே நீளத்தில் சிறு வேறுபாடே சுரங்களைப் பிரித்து வைக்கப் போதும். பத்துத் தகடுகள் வரை கொண்ட கருவிகள் விற்பனைக்கு வந்தன.

ஆனாலும் சுக்கான் ஒன்று முழுக்கத் திரும்பும், அல்லது திரும்பாது. 'கொஞ்சம் திரும்பு' என்று சொல்ல வழியில்லை. கைதேர்ந்தவர்கள் விசையைத் தட்டித் தட்டி விட்டுச் சமாளித்தார்கள். சைக்கிளின் கைப்பிடியை முழு வலம், முழு இடம் என்று மட்டுமே திருப்ப முடியும் என்று வைத்துக் கொள்ளுங்கள். எவ்வளவு தூரம் போவீர்கள்?

கை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவே சுக்கானும் சாயும் விகிதமுறைக் கட்டுப்பாடு 1960களில் செம்மையுற்றது. கலிபோர்னியாவில் டக் ஸ்ப்ரெங், டான் மாதர்ஸ் ஆகியோர் உருவாக்கிய முறை அதில் முக்கியமானது. அவர்கள் சேதியைச் சுரத்தில் வைக்கவில்லை. கால அளவில் வைத்தார்கள். குச்சி நடுவில் இருந்தால் துடிப்பின் அளவு 1.5 மில்லி வினாடி. ஒரு கோடிக்குச் சாய்த்தால் 1, மறுகோடிக்கு 2. நான்கு குச்சி அசைவுகளுக்கு நான்கு துடிப்புகள், ஒன்றன் பின் ஒன்றாக. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிதான், 'அடுத்து வருவது முதல் துடிப்பு' என்று ஏற்பிக்கு அறிவிப்பது. இந்தத் தொடர் முழுவதும் சுமார் 20 மில்லி வினாடிக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு ஐம்பது முறை திரும்பத் திரும்ப வரும். விமானத்தில் உள்ள சர்வோ, தன் அச்சின் நிலையைத் தானே அளந்து, வந்த துடிப்போடு ஒப்பிடும். வேறுபாடு இருந்தால் மோட்டார் ஓடும். அற்றுப் போனதும் நிற்கும். இன்றும் பொம்மைக் கடையில் வாங்கும் சாதாரண சர்வோ இந்த 1, 1.5, 2 என்ற கணக்கையே கேட்கிறது.

இவ்வாறு கைக்கும் சுக்கானுக்கும் இடையே நூல் கட்டியாயிற்று. இனித் தொல்லை பக்கத்து மனிதரிடமிருந்து வந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அமெரிக்காவில் மாதிரி விமானங்களுக்கு ஒதுக்கியவை ஆறே அதிர்வெண்கள். உங்கள் விமானம் வானில் இருக்கையில், அதே அதிர்வெண்ணில் இன்னொருவர் தம் பரப்பியை 'சும்மா' இயக்கிப் பார்த்தால் போதும். இரண்டு கைகள் ஒரே நூலை இழுத்த கதிதான். ஆகவே பரப்பியின் ஏரியலில் வண்ணத் துணி கட்டும் வழக்கம் வந்தது. 26.995க்குப் பழுப்பு, 27.045க்குச் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். மின்தடைகளின் மேல் உள்ள வண்ண வரிசையை நெட்டுருச் செய்த மாணவர் உடனே கண்டு கொள்வார்: ஒன்று முதல் ஆறு வரை! பறக்கும் மைதானங்களில் ஒரு பலகையில் அதிர்வெண்ணுக்கு ஒன்றாக முளைகளை மாட்டி வைத்தார்கள். முளை கையில் இல்லாதவர் பரப்பியைத் தொடக் கூடாது. இந்த ஒழுங்கு சட்டத்தால் காக்கப்பட்டதை விட நாணயத்தால் காக்கப்பட்டதே அதிகம். ஆனால் 1970களில் அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் அரட்டை அடித்த பொதுமக்கள் வானொலியும் 27 மெகாஹெர்ட்ஸ் அருகிலேயே இருந்தது. அவர்களிடம் முளை கேட்பது யார்? பலரும் 72 மெகாஹெர்ட்ஸுக்குக் குடி பெயர்ந்தார்கள்.

முளைப் பலகைக்கு விடை கொடுத்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை. ஒரே அதிர்வெண்ணைப் பிடித்துத் தொங்காமல், சேதியைப் பல அதிர்வெண்களில் தாவ விடலாம், அல்லது அகலமாகப் பரப்பி விடலாம் என்பது கருத்து. ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்லும் 1942இல் பெற்ற காப்புரிமை, வானொலியால் இயங்கும் நீர்மூழ்கிக் குண்டைப் பகைவர் குழப்ப முடியாதபடி, பியானோக் காகிதச் சுருளின் துணையால் 88 அதிர்வெண்களில் தாவச் செய்யும் முறை பற்றியது. அந்த அம்மையாரே இன்றைய கருவிகளைக் கண்டுபிடித்தார் என்பது மிகை. எண்ணம் முன்பே சிலருக்கு இருந்தது, அமெரிக்கக் கடற்படையும் போரின்போது அதைப் பயன்படுத்தவில்லை. ஆயினும் தொலைவிலிருந்து ஓட்டும் கருவிக்காகவே அது எழுதப்பட்டது என்பது நம் கதைக்குப் பொருத்தம். அலைபரப்பு முறையைப் பொதுப் பயனுக்கு அமெரிக்கா 1985இல் அனுமதித்தது. 2005இல் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் பரப்பி இந்தப் பட்டையில் மாதிரி விமானங்களுக்கு வந்தது. ஒவ்வொரு பரப்பிக்கும் தனி அடையாள எண் உண்டு. ஏற்பியை ஒரு முறை அதனுடன் 'பிணைத்து' விட்டால், வேறு பரப்பியின் சேதியை அது காதில் வாங்காது.

ஏரியலும் சுருங்கியது. அலைநீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 27 மெகாஹெர்ட்ஸுக்கு 11 மீட்டர், கால் பங்கே 2.8 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸுக்குக் கால் பங்கு 3.1 சென்டிமீட்டர்தான். ஆனால் குட்டை அலையைத் தடுப்பதும் எளிது. ஓட்டுபவரின் உடலே மறைக்கும். கரியிழையால் செய்த விமான உடலும் மறைக்கும். ஏரியலின் நுனியை விமானத்தை நோக்கி நீட்டுவது பலருக்கு இயல்பாக வரும். அது தவறு, நுனித் திசையில்தான் அலை மிகக் குறைவாகச் செல்கிறது. பக்கவாட்டில் திருப்பி வைக்க வேண்டும். ஏற்பியில் இரண்டு ஏரியல்கள் இருந்தால் அவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைப்பதும் இதே காரணத்தால்.

எத்தனை மாறினாலும் சில வழக்கங்கள் மாறவில்லை. முதலில் பரப்பியை இயக்கு, பிறகு விமானத்தை. அணைக்கும்போது முதலில் விமானம், பிறகு பரப்பி. பரப்பி இல்லாத நேரத்தில் ஏற்பி வெறும் இரைச்சலைக் கட்டளையாக எடுத்துக் கொண்ட காலத்தில் பிறந்த விதி இது. மின்விசிறி போன்ற கத்திகள் விரலருகே சுழலும் இன்றைய மின்மோட்டார் விமானங்களுக்கும் பொருந்தும். பறப்பதற்கு முன், பரப்பியின் ஆற்றலைக் குறைத்து வைத்து, சிறிது தூரம் நடந்து சென்று சுக்கான் கீழ்ப்படிகிறதா என்று பார்க்கிறார்கள். முன்பு ஏரியலை மடக்கி வைத்துச் செய்த அதே சோதனை. சேதி அறுந்து போனால் சர்வோக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இயந்திரம் நின்று விடும்படி சொல்வதே நல்லது. நூல் அறுந்த விமானம் அருகிலேயே விழட்டும், ஊரைத் தாண்டிப் போக வேண்டாம். ஒரே பரப்பியில் பல விமானங்களின் அமைப்புகளைச் சேமிக்க முடிவது வசதி. ஆனால் தவறான விமானத்தின் அமைப்பைத் தேர்ந்து விட்டால் வலமும் இடமும் மாறி நிற்கும். குச்சியை வலப்பக்கம் சாய்த்தால் வல இறக்கையின் மடல் மேலே எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்தே நம்ப வேண்டும்.

இந்தக் கலையின் எல்லையைத் தொட்டவர் மேனார்டு ஹில் என்ற அமெரிக்கர். 2003 ஆகஸ்டு 9ஆம் நாள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து அவருடைய பால்சா மர விமானம் புறப்பட்டது. எரிபொருளோடு எடை 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, ஆறடி இறக்கை, 10 கன சென்டிமீட்டர் எஞ்சின். 38 மணி 52 நிமிடம் கழித்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக் கடலைக் கடந்து, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கியது. 1919இல் ஆல்காக்கும் பிரவுனும் முதன் முதலாக இடைநில்லாமல் அக்கடலைத் தாண்டி இறங்கியதும் அந்தப் பகுதியில்தான். அப்போது ஹில்லுக்கு வயது 77. பார்வை பெரும்பாலும் போய் விட்டிருந்தது. கடலின் நடுவே விமானத்தை நடத்தியது செயற்கைக் கோள்களைக் கேட்டு வழியறிந்த ஒரு சிறு தானியங்கிக் கருவி. கரையில் நின்றவர்களின் கையில் இருந்த வானொலிப் பரப்பிக்கு வேலை இருந்தது, ஏறும்போது சில நிமிடங்களும் இறங்கும்போது சில நிமிடங்களும் மட்டுமே.