படைவீரருக்கு அரசு தருவது என்ன, எங்களுக்கு உள்ளது என்ன? பல்லேகமவிலிருந்து ஒரு கணக்கு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறி, றிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து நக்கிள்ஸ் மலைகளின் மறுபக்கம் இறங்கினால் இலுக்கும்புர வரும். அதற்கும் அப்பால் இருப்பது பல்லேகம. லக்கல-பல்லேகம பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் பாதி இந்த ஊருடையது. களுகங்கை நீர்த்தேக்கத்தில் 2018இல் நீர் நிரப்பத் தொடங்கியபோது பழைய நகரம் நீருக்கடியில் போனது. அலுவலகங்களும் கடைகளும் புதிய லக்கல நகரத்துக்கு மாறின.

இங்கே போர் நடக்கவில்லை. ஆனால் போருக்கு ஆள் போனது இப்படியான ஊர்களிலிருந்துதான். இலங்கை இராணுவத்தின் சாதாரண தரத்தினரில் பெரும்பாலானோர் கிராமப்புறச் சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள். மழையை நம்பிய பயிரும் கடனும் உள்ள வீட்டுக்கு மாதாமாதம் வரும் அரச சம்பளம் என்பது சிறிய விடயமல்ல. வன்னியில் நாங்கள் கண்ட சிப்பாய்க்கு சோதனைச் சாவடியும் சீருடையும் மட்டுமே அடையாளம். அவனுடைய வீடு, அந்த வீட்டு அலுமாரியில் இருக்கும் கடதாசிகள் பற்றி எங்களுக்கு அதிகம் தெரியாது.

“ஆமிக்காரனுக்கு எல்லாம் கிடைக்குது, எங்களுக்கு என்ன கிடைச்சது?” என்ற கேள்வியை வடக்கிலும் கிழக்கிலும் அடிக்கடி கேட்கலாம். அதன் முதற்பாதி முழு உண்மையல்ல. பிற்பாதிக்கும் “ஒன்றுமில்லை” என்பது முழுப் பதிலல்ல. இரண்டையும் சட்டத்தின் பெயரோடும் தொகையோடும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

படையினரின் உரிமைகளில் அடிப்படையானது ஓய்வூதியம். சாதாரண தரத்தில் சேர்ந்தவர் 22 வருடமும் அதிகாரி 20 வருடமும் சேவை முடித்தால் ஓய்வூதியத்தோடு வெளியேறலாம். அவர் இறந்தபின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செல்லும் ஓய்வூதியத்துக்கு, ஆயுதப் படைகளுக்கென்றே 1970ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதாவது போர் தொடங்குவதற்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்தது.

போர் இதன் மேல் இன்னொரு தளத்தைக் கட்டியது. 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபை அமைக்கப்பட்டது. ‘ரணவிரு’ என்றால் போர் வீரர். போரில் கொல்லப்பட்ட, காணாமற்போன, அங்கவீனமான முப்படையினர், பொலிஸார் மற்றும் அவர்களில் தங்கி வாழ்வோரின் நலனுக்கான நிறுவனம் இது. களத்தில் கொல்லப்பட்டவரின் சம்பளமும் கொடுப்பனவுகளும் அவர் உயிரோடிருந்தால் 55 வயதை அடையும் நாள் வரை குடும்பத்துக்குத் தொடர்ந்து வழங்கப்படும், அதன்பின் ஓய்வூதியம் என்பது இந்த முறையின் மையம். 55க்குப் பிறகு வருமானம் இறங்குகிறது என்பதால், வாழ்நாள் முழுவதும் அதே தொகை வேண்டும் என்பது விதவைகளினதும் அங்கவீனமுற்ற படையினரினதும் நீண்டகாலக் கோரிக்கை.

இந்த ஏற்பாட்டின் தர்க்கத்தைக் கவனியுங்கள். இறந்தவர் இறந்த பின்னும் வேலையில் இருப்பவர் போலவே கணக்கில் வைக்கப்படுகிறார். இழப்புக்கு ஒரு விலை போட்டுக் கொடுத்துவிட்டுக் கோப்பை மூடிவிடவில்லை. மாதம் பிறந்தால் பணம் வங்கிக்கு வருகிறது. விதவையாகிவிட்ட ஓர் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இதன் பெறுமதி என்ன என்பதை, அதே வயதில் விதவையாகி அது கிடைக்காத எங்கள் பெண்கள்தான் நன்றாகச் சொல்லக்கூடியவர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீடு கட்ட ‘அபி வெனுவென் அபி’ நிதியம், 2008ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி. கடும் காயமடைந்தோர் தங்கிச் சிகிச்சை பெற ராகமையில் ரணவிரு செவன, அத்திடியவில் மிஹிந்து செத் மெதுர, அனுராதபுரத்திலும் கம்புறுபிட்டியிலும் குருநாகல் பங்கொல்லவிலும் ‘அபிமன்சல’ நிலையங்கள். படையினரின் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புச் சேவைகள் கல்லூரி. கடைகளில் கழிவு பெற ‘விருசர’ அட்டை. 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் படையினரின் பெற்றோருக்கு மாதம் 750 ரூபாய் கொடுப்பனவும், படைக் குடும்பத்தில் பிறக்கும் மூன்றாவது பிள்ளைக்கு ஒரு இலட்சம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. மூன்றாவது பிள்ளைக்கான பணம் நலத்திட்டமா, சனத்தொகைக் கொள்கையா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நானும் கேட்பேன்.

சட்டப்படி இவை சிங்களவருக்கு மட்டும் உரியவை அல்ல. படையிலோ பொலிஸிலோ இருந்த தமிழரும் முஸ்லிம்களும் இவற்றுக்கு உரித்துடையவர்கள். படைகளின் இன அமைப்பை அறிந்தவர்களுக்கு அந்தச் சமத்துவம் நடைமுறையில் எவ்வளவு தூரம் போகும் என்பதும் தெரியும்.

இனி அந்தக் கேள்வியின் முதற்பாதி ஏன் முழு உண்மையல்ல என்பதற்கு வருவோம். 2016 நவம்பர் 7ஆம் திகதி கொழும்பு கோட்டையில் ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் மீது பொலிஸார் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் பிரயோகித்தார்கள். ஆர்ப்பாட்டக்காரர்கள் அங்கவீனமுற்ற முன்னாள் படையினர். 12 வருட சேவை நிறைவதற்கு முன்பே காயமடைந்து மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. சேர்ந்து மூன்றாம் வருடத்தில் காலை இழந்தவருக்கு, பன்னிரண்டாம் வருடத்தில் காலை இழந்தவருக்குரிய உரிமை அப்போது இருக்கவில்லை. சலுகைகள் பற்றிய வாக்குறுதிகள் வந்தன. ஆனாலும் 2019இல் முன்னாள் படையினர் கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னால் மீண்டும் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. ‘ரணவிரு’ என்ற சொல் தேர்தல் மேடையில் ஒலிக்கும் அளவுக்கு ஓய்வூதியத் திணைக்களத்தில் ஒலிப்பதில்லை.

அதற்கும் கீழே இருப்பவர்கள் தப்பியோடியவர்கள். போர்க்காலத்திலும் அதன் பின்னரும் பல்லாயிரம் சிப்பாய்கள் விடுமுறையில் போய்த் திரும்பாமல் விட்டார்கள். சட்டரீதியாக விலகாதவருக்கு ஓய்வூதியமோ வேறு சலுகையோ இல்லை, கைதாகும் பயம் மட்டும் உண்டு. அவ்வப்போது அறிவிக்கப்படும் பொதுமன்னிப்பு, கடைசியாக நான் கவனித்தது 2024 ஏப்ரலில் வந்தது, அவர்களைச் சட்டரீதியாக விலக விடுகிறதே தவிர வேறெதையும் கொடுப்பதில்லை.

காணாமற்போன சிப்பாய்களின் குடும்பங்களும் இருக்கின்றன. பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த முறைப்பாடுகளில் ஏறத்தாழ 5,000 படையினரின் குடும்பங்களிடமிருந்து வந்தவை. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சமரில் காணாமற்போனார். காணாமற்போன படையினரின் பெற்றோரை அமைப்பாக்கி, போர் நடந்துகொண்டிருந்தபோதே வன்னிக்குப் போய்ப் புலிகளைச் சந்தித்தவர் அவர். சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாலும் ‘என் பிள்ளை எங்கே’ என்ற கேள்வி நிற்கவில்லை. இந்த இடத்தில் மட்டும் அவர்களும் எங்கள் தாய்மாரும் ஒரே கதவைத் தட்டுகிறார்கள்.

மாத்தளை மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நிலம் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அகழ்வு முடிந்தபோது எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. 1987-89 ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் காணாமலாக்கப்பட்டவர்கள் என்று பல குடும்பங்கள் நம்பின. காலத்தைக் கணித்த நிபுணர் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. ஆக, ஒரே மாவட்டத்தில் அரசின் படைக்குப் பிள்ளையைக் கொடுத்த வீடும், அரசின் படையால் பிள்ளையை இழந்த வீடும் உண்டு. இரண்டுமே சிங்கள வீடுகள். முதலாவதற்கு மாதச் சம்பளம், மற்றதற்கு மௌனம்.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். போரில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்கான நட்டஈட்டை நீண்ட காலம் வழங்கியது, 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த, ‘றெப்பியா’ என்று அறியப்பட்ட புனர்வாழ்வு அதிகாரசபை. ஓர் உயிருக்கு ஒரு இலட்சம் ரூபாய், அதுவும் ஒரே முறை. இறந்தவர் அரச ஊழியரானால் தொகை கூடும். அந்தப் பணியை 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி உருவான இழப்பீட்டுக்கான அலுவலகம் பொறுப்பேற்றது. கொல்லப்பட்ட புலி உறுப்பினர்களின் குடும்பங்களையும் நட்டஈட்டில் சேர்க்கும் அமைச்சரவைப் பத்திரம் ஒன்றை 2018இல் அப்போதைய அமைச்சர் டி.எம். சுவாமிநாதன் கொண்டு வந்தார். எதிர்ப்பு எழுந்தது, பத்திரம் நிறைவேறவில்லை.

போரின் பின் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வெளியே வந்தபோது கையில் கிடைத்தது ஒரு சான்றிதழ். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பின்னர் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் வன்னிப் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ள திணைக்களம். முன்னாள் போராளிக்கு நிலையான மாதச் சம்பளம் வேண்டுமானால், அவர் எதிர்த்துப் போரிட்ட அமைச்சிடமே கையொப்பமிட வேண்டியிருந்தது. முன்பள்ளிகளை இராணுவமயப்படுத்துகிறார்கள் என்ற விமர்சனம் சரியானது. அந்தச் சம்பளத்தில் அடுப்பெரிந்த வீடுகளின் முன்னால் நின்று அதை உரக்கச் சொல்வது எனக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

வெளிநாடுகளில் வேறு வழிகளும் முயலப்பட்டுள்ளன. நேபாளத்தில் மாவோயிஸ்ட் படை கலைக்கப்பட்டபோது, இராணுவத்தில் சேராமல் விலகிய போராளிகளுக்கு தரத்தைப் பொறுத்து 5 இலட்சம் முதல் 8 இலட்சம் நேபாள ரூபாய் வரை கொடுக்கப்பட்டது. வட அயர்லாந்தில் மோதலால் நிரந்தரமாக அங்கவீனமுற்றவர்களுக்கு 2021 முதல் தொடர்ச்சியான கொடுப்பனவு உண்டு. சீருடை அணிந்தவரா, பொதுமகனா என்ற வேறுபாடு அதில் இல்லை. தானே வைத்த குண்டில் காயமடைந்தவருக்கு அது கிடையாது. இலங்கையில் இழப்பை மாதக் கொடுப்பனவாகப் பார்க்கும் முறை சீருடைக்கு மட்டும் உரியதாகவே இருக்கிறது.

ஒரே ஒரு முறை அந்த எல்லை அசைந்தது. 2019 மார்ச் வரவு செலவுத் திட்டத்தில், காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வழங்கும் முன்மொழிவை மங்கள சமரவீர முன்வைத்தார். அந்த வருட இறுதியில் ஆட்சி மாறியது. 2022இல் அமைச்சரவை ஒரு தடவை மட்டும் வழங்கும் ஒரு இலட்சம் ரூபாயை அங்கீகரித்து, பின்னர் அதை இரண்டு இலட்சமாக்கியது. மீண்டும் ஒரு தொகை, மீண்டும் மூடப்படும் கோப்பு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் இந்தப் பணத்தை மறுத்தார்கள். பணத்தை வாங்கினால் தேடலை விட்டுவிட்டதாகிவிடும் என்பது அவர்களின் நிலைப்பாடு. வாங்கியவர்களையும் குறை சொல்ல முடியாது.

இதை வாசிப்பவர்களில் பலருக்கு நடைமுறைத் தகவல்தான் முக்கியம். காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பம், 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ பெறலாம். அதைக் கொண்டு நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம், பிள்ளைகளின் பாதுகாவலராகச் செயற்படலாம், காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கலாம். இறந்துவிட்டார் என்று எங்கும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. காணாமற்போன சிப்பாயின் குடும்பத்துக்கும் ஜே.வி.பி. காலத்தில் பிள்ளையை இழந்த குடும்பத்துக்கும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் இதே அளவில் திறந்திருக்கிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு, மாத்தறை ஆகிய இடங்களில் அதன் பிராந்திய அலுவலகங்கள் நிறுவப்பட்டன.

காயமடைந்த முன்னாள் போராளி, போராளி என்ற வகையில் எதையும் கேட்க முடியாது. ஆனால் அங்கவீனமுற்ற குடிமகனாகக் கேட்கலாம். குறைந்த வருமானமுள்ள அங்கவீனர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்குப் பிரதேச செயலகத்தில், கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கலாம். எந்த இயக்கத்தில் இருந்தீர்கள் என்பது இதற்கான தகுதிகளில் ஒன்றல்ல. செல்விழுந்த காயத்தைச் சொன்னால் புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வருவார் என்ற பயத்தில் விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயம் ஆதாரமற்றதென்று நான் சொல்லமாட்டேன். அங்கவீனத்தை உறுதிசெய்யும் வைத்தியச் சான்று இருந்தால் போதும், காயத்தின் கதையை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் சொல்லலாம். செயற்கைக் கால் தேவைப்படுவோருக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது.

விண்ணப்பித்துவிட்டுப் பதிலில்லாமல் காத்திருப்பவர்கள், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்டு எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத்து மூலம் பதில் தர வேண்டியது அலுவலகத்தின் கடமை. கடிதத்தின் பிரதியையும், ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். காணக்கிடைக்காமைச் சான்றிதழ் ஏற்கெனவே எடுத்தவர்கள் அதிலுள்ள திகதியையும் ஒருமுறை பாருங்கள். அது இரண்டு வருடங்களுக்கே செல்லுபடியாகும்.