நுண்ணுயிர் எரிபொருள் கலம்

நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது கழிவிலுள்ள கரிமப் பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது வெளியேறும் எலெக்ட்ரான்களை மின்னோட்டமாக்கும் அமைப்பு. சாக்கடை நீர், பழத்தோல், கழுநீர், பீர் ஆலைக் கழிவு என மட்கக்கூடிய பலவும் இதற்குத் தீனி.

காற்றுப் புகாத அறையில் கரித்துணியாலோ கிராஃபைட்டாலோ ஆன ஆனோடு என்னும் மின்முனை இருக்கும். அதன்மேல் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படர்கின்றன. உயிர்கள் சுவாசிக்கும்போது எலெக்ட்ரான்களை ஆக்சிஜனிடம் ஒப்படைப்பது வழக்கம். இங்கே ஆக்சிஜன் கிடையாது, ஆகவே ஆனோடிடம் கொடுக்கின்றன. இந்தத் திறன் எல்லாப் பாக்டீரியாவுக்கும் வாய்ப்பதில்லை. பொட்டோமாக் ஆற்றுச் சேற்றில் 1987இல் டெரிக் லவ்லி கண்டெடுத்த ஜியோபாக்டர் இதில் தேர்ந்தது. சேற்றின் இரும்புத் துருவையே சுவாசித்து வாழ்வது அதன் இயல்பு. எலெக்ட்ரான்கள் கம்பி வழியாகவும் புரோட்டான்கள் நீர் வழியாகவும் மறு மின்முனையான கேதோடை அடைந்து, அங்கே ஆக்சிஜனோடு கூடி நீராகின்றன. கணக்குப்படி ஏறத்தாழ 1.1 வோல்ட் வரவேண்டும். நடைமுறையில் கிடைப்பது அதில் பாதியளவே.

இந்த எண்ணம் புதிதல்ல. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எம். சி. பாட்டர் 1911இலேயே நுண்ணுயிர்களிலிருந்து மின்சாரம் பெற்றுக் காட்டினார்.

மின் உற்பத்தியைவிட நீரைத் தூய்மையாக்குவதே இக்கலத்தின் உண்மையான பயன். வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீருக்குள் காற்றை ஊதுவதற்கே பெருமளவு மின்சாரம் செலவாகிறது. இங்கே அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை, கசடும் குறைவு. கேதோடு இருக்கும் மறு அறையில் ஆக்சிஜனுக்குப் பதிலாக உலோக நஞ்சு கலந்த நீரையும் விடலாம். நீரில் எளிதில் கரைந்து பரவும், புற்றுநோய் தரவல்ல ஆறிணைதிறக் குரோமியம் எலெக்ட்ரான்களைப் பெற்று, நச்சு குறைந்த மூவிணைதிறக் குரோமியமாகிறது. அமிலத்தன்மையைக் குறைத்தால் வீழ்படிவாகத் தங்கிவிடும். செம்பு அயனிகள் கேதோடின்மேல் உலோகமாகவே படிகின்றன. ஓர் அறையின் உணவுக் கழிவு மறு அறையின் நஞ்சை முறிக்கிறது. தமிழ்நாட்டின் ராணிப்பேட்டைப் பகுதியில் குரோமியம் நிலத்தடி நீரை நஞ்சாக்கியதை அறிந்தவர்களுக்கு இந்த வேதிவினையின் அருமை புரியும்.

ஆய்வகத்துக்கு வெளியே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிரிஸ்டல் ஆய்வாளர்கள் 2015இல் கிளாஸ்டன்பரி இசைவிழாவில் சிறுநீரைக் கொண்டே கழிப்பறை விளக்குகளை எரியவிட்டனர். ஆனால் அவை மிகக் குறைந்த மின்சாரம் போதுமான விளக்குகள். ஆஸ்திரேலியாவின் யட்டாலா பீர் ஆலையில் 2007இல் 3 மீட்டர் உயரமுள்ள 12 குழாய் வடிவக் கலங்கள் நிறுவப்பட்டன. மொத்தக் கொள்ளளவு சுமார் 1 கன மீட்டர். ஆலைக் கழிவுநீரின் மின்கடத்துதிறன் குறைவாக இருந்ததால், அங்கே மின்னோட்டம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை.