எழுத்துக் கட்டளையும் சித்திரத் திரையும்

புதியது வந்ததும் பழையது ஒழிந்தது எனக் கருதுவது மக்கள் இயல்பு. கணிப்பொறி உலகிலும் பலர் அவ்வாறே கருதுகின்றனர். சித்திரத்தைத் தொட்டால் வேலை முடியும் இந்நாளில், கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டும் பழைய முறைக்கு இடமேது என வினவுவர். இவ்வினாவுக்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோவண்டியில் வண்டியேறி நாள்தோறும் வேலைக்குச் செல்லும் தேவ்நார்த் தமிழர் நன்கறிந்த இருப்புப்பாதையின் வரலாறே போதுமானது.

1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு இந்நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியது. பின்னர் இருப்புப்பாதை பரவிய இடமெல்லாம் தந்திக் கம்பியும் உடன் சென்றது. தந்தியில் சொல் நீண்டால் காலமும் உழைப்பும் மிகும். ஆகவே நிலையங்களின் நெடும்பெயர்கள் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கின. திருநெல்வேலி ‘டி.இ.என்.’ ஆயிற்று, மதுரை ‘எம்.டி.யு.’ ஆயிற்று. மதராஸ் 1996ஆம் ஆண்டு சென்னை எனப் பெயர் மாறிய பின்னரும், சென்ட்ரல் நிலையத்தின் குறியீடு ‘எம்.ஏ.எஸ்.’ என்றே நிற்கிறது. தந்திக் காலத்துச் சொற்சிக்கனம் கணிப்பொறிக் காலத்துக்கும் உதவிற்று.

முன்பதிவுக்குக் கணிப்பொறி வராத நாட்களை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். வண்டிக்கு வண்டி தனிப் பேரேடு, தனி வரிசை. ஒன்றில் இடமில்லையேல் மற்றொரு வரிசையின் கடைசிக்குச் செல்ல வேண்டும். ஊரிலிருந்து திரும்பும் பயணத்துக்கோ, தந்தி சென்று விடை வரும்வரை உறுதியில்லை. மே மாத விடுமுறையில் குழந்தை குட்டிகளுடன் ஊர் செல்ல விழைந்த குடும்பங்கள் பட்ட பாடு சொல்லுந்தரமன்று.

1985ஆம் ஆண்டு தில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. சில ஆண்டுகளுள் பம்பாய், கல்கத்தா, மதராஸ், செகந்திராபாத் நகரங்களும் அதனைப் பெற்றன. 1999 ஏப்ரலில் இவ்வைந்து மையங்களும் ஒரே வலையாக இணைந்தன. அதனால் மும்பைச் சாளரத்தில் நின்றே திருநெல்வேலியிலிருந்து திரும்பும் பயணத்துக்கும் இடம் பெற முடிந்தது.

கணிப்பொறியின் உறுப்புகளை ஆளும் அடிப்படை நிரலை இயங்குதளம் என்பர். முன்பதிவு அமைப்பு வளர்ந்தது 1977இல் பிறந்த வி.எம்.எஸ். என்னும் இயங்குதளத்தின் மேல். அது கட்டளைகளைத் தட்டி ஆளப்படுவது. சாளரத்துக் குமாஸ்தாவின் முன் வைத்ததும் எழுத்துத் திரையே. வண்டி எண், நாள், வகுப்பு, புறப்படும் இடம், சேருமிடம் எனத் தட்டினால் விடை வந்துவிடும். கண் பயணியின் படிவத்தில் இருக்க, பழகிய விரல் தானே ஓடும். வரிசையில் நூறு பேர் காத்திருக்கையில் ஒவ்வொரு நொடியும் பொன்னாகும் என்பதை இத்தொழிலில் உள்ள நாம் அறிவோம்.

தில்லியில் முன்பதிவு தொடங்கிய அதே 1985இல்தான் விண்டோஸின் முதற்பதிப்பும் வெளிவந்தது. மக்கின்டாஷ் 1984இலேயே வந்துவிட்டது. சித்திரத் திரை வீடுதோறும் புகுந்தது. எழுத்துக் கட்டளை மறைந்ததா? இல்லை. பெல் ஆய்வுக்கூடத்தில் 1969இல் தோன்றிய யுனிக்ஸின் வழியில், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைப் படைத்தார். நம் கைப்பேசிகளில் பலவற்றை இயக்கும் ஆண்ட்ராய்டின் கரு அந்த லினக்ஸே. 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் பயணச்சீட்டு விற்கத் தொடங்கியபோதும், முகப்பில் சித்திரம் இருந்ததே தவிர, பின்னின்று இடம் ஒதுக்கியது பழைய முன்பதிவு அமைப்பே.

சித்திரத்தை நாம் இகழவில்லை. கட்டளை முறையில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் கணிப்பொறி மறுத்துவிடும். கட்டளைகளோ ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கிலம் அறியாத நம் தாய்மார் இன்று ஊரிலுள்ள பேரனின் முகம் கண்டு பேசுவது சித்திரத் திரை தந்த கொடை. ஆயினும் சித்திரம், பிறர் வரைந்து வைத்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளவே பெரும்பாலும் இடம் தரும். ஆயிரம் கோப்புகளின் பெயரை மாற்ற, ஒன்றொன்றாய்ச் சுட்டிக் களைப்பார் ஒருவர். ஒரே வரியில் கட்டளையிட்டு முடிப்பார் மற்றொருவர்.

நம் காலனிச் சிறார் பலர் கணிப்பொறித் தொழிலை நாடுகின்றனர். அவர்கள் தொடுவதோடு அமையாது, கட்டளையிடவும் கற்க வேண்டும். லினக்ஸ் விலையின்றிக் கிடைக்கிறது; பழைய கணிப்பொறி ஒன்றிருந்தால் போதும். விடுமுறை நாட்களில் சங்கத்து இளைஞர்கள் கூடி, சிறுவர்க்கு இதனைக் கற்பிக்க முன்வர வேண்டும் என அன்புடன் வேண்டுகிறோம்.