தூத்துக்குடிப் படகு மலையேறிய கதை

கோடைக்கானல் ஏரியில் முதன்முதலாக மிதந்த படகு எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம தூத்துக்குடியில் இருந்துதான்! கொண்டுபோனவர் மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச்.

அந்த ஏரியே இயற்கையானது அல்ல. 1863-ல் லெவிஞ்ச் ஓர் ஓடையை மறித்து அணை கட்டி உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் பனியாறுகள் குடைந்த ஏரிகள் ஏற்கனவே இருந்தன. உழவர்களின் பழைய வீடுகளும் களஞ்சியங்களும் பின்னாளில் விடுமுறைக் குடில்களாக மாறின. கோடையில் கதை தலைகீழ். குடில் முதலில், ஏரி பிறகு!

குடில் கட்டியவர்கள் உல்லாசத்துக்குப் போனவர்கள் அல்ல, உயிருக்குப் பயந்து போனவர்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் மதுரையில் கிளை தொடங்கினார்கள். வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களையும் குழந்தைகளையும் வாட்டின. முதலில் பக்கத்தில் உள்ள சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே மலேரியா! 1821-லேயே பழனி மலையை அளந்திருந்தார் வார்டு என்ற ராணுவ அதிகாரி. கடைசியில் ஏழாயிரம் அடி உயரத்தில் இருந்த அந்த மலைக்கே ஏறினார்கள். 1845-ல் 'சன்னிசைடு', 'ஷெல்டன்' என்று இரண்டு வீடுகள் எழும்பின. இன்றைய கோடைக்கானலின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்தான்.

போய்ச் சேருவது லேசான காரியம் இல்லை. மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை போகலாம். அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் கூலியாட்கள் தோளில் சுமக்கும் டோலி. ரயில் 1875-ல் அம்மையநாயக்கனூர் வரை வந்த பிறகும் மலை ஏற்றம் அப்படியேதான் இருந்தது. மோட்டார் போகும் பாதை வந்தது 1910-களில். அதுவரை ஒவ்வொரு துரையின் விடுமுறைக்கும் சிலர் தோள் கொடுத்திருக்கிறார்கள். சன்னிசைடின் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை.

லெவிஞ்ச் ஓய்வு பெற்றதும் ஊருக்குக் கப்பல் ஏறாமல் கோடையிலேயே தங்கிவிட்டார். 1872-ல் கோக்கர் என்பவர் மலை விளிம்பில் நடைபாதை போட்டார், 1890-ல் படகுக் கழகம் வந்தது.

அந்தக் கோடைக்கு நம்ம சீமையில் இருந்து போனவர்களில் முக்கியமானவர் கால்டுவெல். சென்னையில் இருந்து நடந்தே வந்து 1841-ல் இடையன்குடியில் குடியேறியவர், 1883 முதல் தூத்துக்குடியில் வாழ்ந்தவர். 1881-ல் வெளிவந்த அவருடைய திருநெல்வேலி சரித்திரத்தில் நம்ம கயத்தாறும் வருகிறது. 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் ஆயிற்றே! அரை நூற்றாண்டு தேரிக்காட்டு வெயிலைத் தாங்கிய மனிதர், 1891 ஜனவரியில் பொறுப்பை விட்டு விலகி மலைக்குப் போனார். அந்தக் குளிரிலேயே ஆகஸ்ட் 28-ல், 77-ஆம் வயதில் காலமானார்.

ஆனால் அவரை மலையில் புதைக்கவில்லை. உடலைக் கீழே இறக்கி, அத்தனை தூரமும் கொண்டுவந்து, அவர் 33 ஆண்டுகள் கட்டிய இடையன்குடி ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.