பேரொருங்கிணைப்புச் சமச்சீர்

மின்காந்த விசை, வலுக்குறை விசை, வல்விசை மூன்றும் ஒரே விசையின் பிரிந்த வடிவங்கள் என்று சொல்லும் கோட்பாடுகளுக்கு அடிப்படையானது பேரொருங்கிணைப்புச் சமச்சீர். ஒன்றை மாற்றிய பிறகும் விதி மாறாதிருப்பதே இயற்பியலில் சமச்சீர். அதிலிருந்து ஆற்றல் அழியாமை போன்ற விதிகள் பிறப்பதை எம்மி நோதர் 1918இல் நிறுவினார். அந்த மாற்றத்தை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே செய்ய இடங்கொடுத்தால் விசையைச் சுமக்கும் துகள்கள் தாமே வந்து சேரும் என்று 1954இல் யாங்கும் மில்ஸும் காட்டினர். இந்த வழியில்தான் கிளாஷோ, வைன்பெர்க், சலாம் மூவரும் மின்காந்தத்தையும் வலுக்குறை விசையையும் இணைத்தனர். நிறையே இல்லாத ஒளித்துகளும் புரோட்டானைவிட 80 மடங்குக்கு மேல் கனமான, வலுக்குறை விசையைச் சுமக்கும் டபிள்யூ துகளும் எப்படி உடன்பிறப்புகள் ஆகும் என்ற கேள்வி நியாயமானதே. சமச்சீர் விதியில் இருக்கிறது, வெற்றிடத்தின் நிலையில் மறைந்துவிட்டது என்பது பதில். 1983இல் செர்ன் ஆய்வகத்தில் டபிள்யூ, இசட் துகள்களும் 2012இல் அந்த மறைவோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகளும் கிடைத்து, அது வெறும் சமாதானம் அல்ல என்றாயிற்று.

வல்விசையையும் சேர்த்து ஜார்ஜியும் கிளாஷோவும் 1974இல் முன்வைத்த எஸ்.யூ.(5) கோட்பாட்டின் வலுவான வாதம் அழகைச் சார்ந்ததன்று, மின்னூட்டத்தைச் சார்ந்தது. எலக்ட்ரானின் மின்னூட்டமும் புரோட்டானுடையதும் இம்மியும் பிசகாமல் ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் அணு நடுநிலையாக இருக்கிறது. உறவே இல்லாத இரு துகள்களுக்கு இது எப்படி வாய்த்தது? புரோட்டான் குவார்க்குகளால் ஆனது. எஸ்.யூ.(5)இல் எலக்ட்ரான், நியூட்ரினோ, ‘நிறம்’ எனும் வல்விசைப் பண்பில் மூன்று வகையான எதிர் டவுன் குவார்க்குகள் ஆகிய ஐந்தும் ஒரே குடும்பம். குடும்பத்தின் மொத்த மின்னூட்டம் பூச்சியமாக வேண்டும். எலக்ட்ரானின் −1ஐ மூன்று எதிர் குவார்க்குகள் சமமாக ஈடுகட்ட, ஒவ்வொன்றுக்கும் 1/3 வருகிறது. குவார்க்கின் விநோதப் பின்னம் நிறங்கள் மூன்று என்பதன் விளைவு! இன்று ஏற்கப்பட்ட துகள் கோட்பாடான நியம மாதிரியில் கணித முரண் எழக்கூடாது என்ற நிபந்தனையே இந்தச் சமநிலையைத் தந்துவிடும் என்று மறுப்போர் உண்டு. ஆனால் வலக்கை நியூட்ரினோ என்ற துகளைச் சேர்த்தால் அந்தப் பிடி தளரக்கூடும். ஒரே குடும்பம் என்ற விளக்கம் தளராது.

குவார்க்கும் எலக்ட்ரானும் ஒரே குடும்பமென்றால் ஒன்று மற்றொன்றாக மாறலாம், புரோட்டான் சிதையலாம். கணக்கிட்ட ஆயுள் சுமார் 10³⁰ ஆண்டுகள். அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை, 10³² புரோட்டான்களைக் குவித்து ஓராண்டு பார்த்தால் போதும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பானியரும் 1980களில் பார்த்தனர். ஐயத்துக்குரிய சில தடங்கள் கிடைத்தன, பிறர் ஆய்வில் அவை உறுதிப்படவில்லை. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டேயில் 50,000 டன் நீரைக் கண்காணித்தும் ஒரு சிதைவும் தென்படாததால், முக்கியமான சிதைவு வழியில் ஆயுள் 10³⁴ ஆண்டுகளைத் தாண்டுகிறது. சிதைவு தென்படாமை எளிய எஸ்.யூ.(5)ஐ வீழ்த்தியது, குடும்பம் என்ற கருத்தையன்று. எஸ்.ஓ.(10) என்ற பெரிய சமச்சீரில் ஒரு தலைமுறைத் துகள்கள் பதினாறும் ஒரே குடும்பம். பதினாறாவது, நியூட்ரினோவுக்கு நிறை தரக்கூடிய அந்த வலக்கை நியூட்ரினோ. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதற்கான சான்று 1998இல் கிடைத்தது, புரோட்டான் சாவுக்காகக் காத்திருந்த அதே தொட்டியில்.